மருத்துவமனைக் கழிவும் நிலக்கரியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (வேதியியல்)

புண்ணில் கட்டிய பஞ்சு, இரத்தம் தோய்ந்த துணி, அறுவை அறையில் அகற்றப்பட்ட சதை ஆகியவை எரிக்கப்பட வேண்டியவை. கருவிகளைக் கிருமி நீக்கவும் துணிகளை வெளுக்கவும் மருத்துவமனைக்கு நாள்தோறும் நீராவியும் வேண்டும். அப்படியானால், எரியும் வெப்பத்தைக் கொதிகலனுக்குத் திருப்பினால் என்ன? 1823-இலேயே பிரெஞ்சு மருத்துவப் பள்ளி தோன்றிய, இன்று ஜிப்மர் இயங்கும் நம் புதுவையில் இக்கேள்வி எழுவது இயல்பே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழிவில் பாதி நீர் எனக் கொள்வோம். ஒரு கிலோ கழிவிலுள்ள அரைக் கிலோ நீரை 30 டிகிரி செல்சியசிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த 35 கிலோ கலோரி. ஆவியாக்க மேலும் 270. ஆக 305 கிலோ கலோரி, நீரை விரட்டுவதற்கே செலவாகிறது. ஒரு நாள் பிளாஸ்டிக் மிகுந்து தீ கொழுந்துவிடும். மறுநாள் ஈரப் பஞ்சு மிகுந்து அணையப் பார்க்கும். நீராவியோ ஒரே சீராக வேண்டும். நிலக்கரியை முதன்மை எரிபொருளாக வைத்துக் கழிவைச் சிறிதளவு சேர்த்தால் இக்குறை நீங்கும். அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டு விதிகள், எடையில் 10 விழுக்காட்டிற்கு மிகாமல் இக்கழிவைச் சேர்த்து எரிக்கும் உலைகளைத் தனி வகையாகவே ஏற்றன.

சிக்கல் குளோரினில் உள்ளது. பி.வி.சி. குழாய்கள் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகிக் கொதிகலன் குழாய்களை அரிக்கும். அதைவிடக் கொடியது டையாக்சின். கடும் வெப்பத்தில் அது சிதைந்துவிடும். ஆனால் புகை ஏறக்குறைய 450 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு மெல்லக் குளிரும்போது, சாம்பலிலுள்ள செம்பு வினையூக்கியாக நிற்க, மீண்டும் உருவாகும். கொதிகலனின் வேலையே புகையைக் குளிர்விப்பதுதானே! இங்கே நிலக்கரியின் கந்தகம் ஓரளவு உதவுகிறது. குளோரின் வாயு, கந்தக டை ஆக்சைடு, நீராவி மூன்றும் வினைபுரிந்து குளோரினை ஹைட்ரஜன் குளோரைடாக மாற்றுவதால் டையாக்சின் குறைகிறது. கந்தகத்தைக் குற்றவாளியாகவே படித்த நமக்கு இது வியப்பே.

பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கும் உலைக்கும் பஞ்சமில்லை. அங்கு இரண்டாம் அனல் மின் நிலைய விரிவாக்கத்தில், சூடான மணலும் சாம்பலும் காற்றில் மிதந்து சுழலும் உலைகள் அமைக்கப்பட்டன. இத்தகைய உலையின் வெப்பம் சுமார் 850 டிகிரி. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு விதிகளோ, மருத்துவக் கழிவின் புகை இரண்டாம் அறையில் 1050 டிகிரியில் 2 வினாடி தங்க வேண்டும் என்கின்றன. ஆகவே மஞ்சள் பையை அப்படியே அங்கு கொட்ட இயலாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மருத்துவமனை சொந்த உலை வைக்கவும் கூடாது.

என் எண்ணம் இது: பொது நிலையத்திலேயே புகையின் வெப்பத்தைச் சுமார் 500 டிகிரி வரை மட்டும் எடுத்து நீராவியாக்கலாம். அதன்பின் நீர் தெளித்து நொடியில் குளிர்விக்க வேண்டும். சிவப்புப் பையில் வரும் பிளாஸ்டிக்கை 121 டிகிரியில் 60 நிமிடம் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அந்நீராவி பயன்படும். அப்படிச் சுத்தமான பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு அனுப்ப விதியே இடமளிக்கிறது.

இதற்கெல்லாம், சிவப்புப் பைக்குரிய குழாய் மஞ்சள் பையில் விழாதிருக்க வேண்டும். இரவுப் பணியில் ஒரே ஆள் இரண்டு வார்டுகளைப் பார்க்கையில், அதைப் பிரித்துப் போட அவருக்கு நேரம் ஏது?