அக்காவின் ஈறு

ஸ்ரீமுஷ்ணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. பூவராகசுவாமியைச் சேவிக்க வந்திருந்தீர்களே, அன்று காலை கொல்லைக் குழாயடியில் அக்கா பல் தேய்த்துத் துப்பியபோது நுரையோடு ரத்தம் ஓடியதைப் பார்த்துப் பயந்துபோனாய். டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஈறு மாதுளை முத்துப்போலச் சிவந்து உப்பியிருந்தது. ரத்தம் நிற்கும்வரை பிரஷைத் தொடாதே என்றார் பாட்டி. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அப்படி விட்டால் ரத்தம் கூடத்தான் செய்யும்.

அக்காவுக்கு இது ஐந்தாம் மாதம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பல மடங்கு ஏறியிருக்கும். ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும். அந்தக் கசிவில் ஹார்மோனும் கலந்து வரும். பல்லிடுக்கில், காற்றுப் படாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அது தீனி.

1980-இல் அமெரிக்காவில் கார்ன்மன், லோஷ் என்ற இருவர் கர்ப்பிணிகளின் ஈற்றிடுக்கைச் சோதித்தார்கள். நான்காம் மாத வாக்கில் ரத்தக்கசிவு கூடியபோது, இன்று பிரிவோடெல்லா இன்டர்மீடியா எனப்படும் பாக்டீரியாவும் பெருகியிருந்தது. அது வளர வைட்டமின் கே போன்ற ஒரு பொருள் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இந்த ஹார்மோன்களை வைத்தே ஒப்பேற்றிக்கொள்கிறது என்று 1982-இல் கண்டார்கள். 1995-இல் லண்டனிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஈறு நோய்க் கிருமிகள் டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகின்றனவாம். நம் உடம்பு தனக்கென்று வைத்திருக்கும் நொதியின் வேலையை, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் பல்லிடுக்கில் இருந்துகொண்டு செய்கிறது! படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் பிரிவோடெல்லா இப்படிப் பெருகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பல்லில் படியும் வழவழப்பான படலத்தை நாள்தோறும் எடுத்துவிட்டால், ஹார்மோன் எவ்வளவு ஏறினாலும் ஈறு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

அதனால் அக்கா மெத்தென்ற பிரஷால் இரண்டு வேளையும் தேய்க்கட்டும். வாந்தி எடுத்தால் உடனே தேய்க்காமல் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி பொறுத்துத் தேய்க்கட்டும். பல் கிளீன் செய்துகொள்ள நான்கு முதல் ஆறு மாதம் தோதான காலம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தானே அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரி, இந்த வாரமே கூட்டிப்போ. எத்தனையாவது மாதம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயதுக்கு வந்ததிலிருந்து உனக்கும் ஈறு கசிகிறது என்றாயே, அதற்கும் இதே ஹார்மோன் காரணமாக இருக்கலாம். நீயும் காட்டிவிட்டு வா.

அன்புடன்,
அத்தை