பாதியில் நிற்கும் குயில்ட்டுகள்

துணித் துண்டுகளைச் சேர்த்துக் குயில்ட் தைக்கும் பெண்கள் யாரைக் கேட்டாலும், முடித்ததைக் காட்டும் முன்பே முடிக்காமல் வைத்திருப்பதைப் பற்றித்தான் சொல்வார்கள். "ஆசையா ஆரம்பிச்சேன், அப்படியே பரண்ல கிடக்குது" என்பார்கள். பொறுமை போதவில்லை, ஆர்வம் போய்விட்டது என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கணிப்பை நான் ஏற்பதில்லை. சென்னையில் ஒரு சின்ன ஃபிளாட்டில், எப்போதும் ஏழெட்டுக் குயில்ட்டுகளை ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்து வருகிறவள் நான். அவை எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று கவனித்தால் காரணம் தெரியும். அடுத்த வேலைக்கு வேறு இடமோ, வேறு கருவியோ, இன்னொரு ஆளோ தேவைப்படும்போதுதான் குயில்ட் நிற்கிறது.

சதுரம் வெட்டப் பெரிய மேசை வேண்டும். சதுரங்களை இணைக்க மெஷின் போதும். இணைத்து முடித்த மேல்துணிக்கு அடியில் பஞ்சு ஷீட்டும் அதற்கும் அடியில் இன்னொரு துணியும் வைத்து மூன்றடுக்காக விரிக்க ஹால் தரை முழுவதும் வேண்டும். எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு ஆளும் வேண்டும். பிறகு கையால் ஓட்டுத் தையல் போட நல்ல வெளிச்சமும் மடியும் இருந்தால் ஆயிற்று. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இந்த இடங்களில்தான் துணி மடிந்து பைக்குள் போய்விடுகிறது.

கருவிக்கும் இதில் பங்கு உண்டு. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அட்டை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். இப்போது நாலைந்து அடுக்குத் துணியை ஸ்கேல் வைத்து ஒரே இழுப்பில் வெட்டிவிடலாம். வெட்டும் வேகம் பல மடங்கு கூடிவிட்டது. கையால் தைக்கும் வேகமோ பாட்டி காலத்தில் இருந்ததுதான். ஒரு மத்தியானத்தில் வெட்டியது மாதக்கணக்கில் தைக்க வேலை வைத்துவிடும். பைகள் பெருகத்தானே செய்யும்?

அதனால் நான் பைகளை டிசைன் பெயரால் அடையாளம் வைப்பதில்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதன்படி பிரித்து அடுக்குகிறேன். வெட்டியது மட்டும் ஒரு பக்கம், பாதி இணைத்தது இன்னொரு பக்கம், மேல்துணி முடிந்தது, அடுக்கிக் குத்தியது, ஓரம் மட்டும் பாக்கி என்று தனித்தனியாக. இப்படிப் பிரித்தால் எல்லா வீட்டிலும் பெரிய குவியல் ஒன்றுதான் இருக்கும்: மேல்துணி முடிந்து, விரிக்க இடமில்லாமல் காத்திருப்பவை. அதற்குத் தீர்வு, ஒரு குயில்ட்டுக்காக ஒரு நாள் ஹாலைக் காலி செய்வதை விட்டுவிட்டு, காத்திருக்கும் எல்லாவற்றையும் அதே நாளில் முடிப்பது. சோபாவை நகர்த்துவதும் தரையைத் துடைத்துக் காயவிடுவதும் ஒன்றுக்குச் செய்தாலும் மூன்றுக்குச் செய்தாலும் ஒரே வேலைதானே.

எங்கள் வீட்டில் அந்த நாளுக்கு என் நாத்தனார் வந்துவிடுவாள். முதலில் அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி டைல்ஸ் தரையில் விரித்து, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுவோம். அடித்துணி மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் மூன்று நாலு இஞ்ச் பெரிதாக இருக்க வேண்டும்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் இழுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. இழுத்தா டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கும். கையால தடவி மட்டும் விடு."

இதுதான் அந்த வேலையின் சூட்சுமம். அடித்துணி சுருக்கமில்லாமல் படுத்திருந்தால் போதும், விறைப்பாக நிற்கக் கூடாது. அதன்மேல் பஞ்சு ஷீட், அதன்மேல் மேல்துணி. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிக்கொண்டே போக வேண்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், பஞ்சு ஷீட்டின் ஓரம் காற்றில் தூக்கினால் உள்ளே மடிப்பு விழுந்துவிடும், அது வெளியே தெரியாது. நடுவிலிருந்து தொடங்கி, கைமுஷ்டி அகலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்த வேண்டும்.

ஊக்குப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடற்கரை ஊரில், அதிலும் ஐப்பசி மழையில், துணிக்குள் இருக்கும் ஊக்கு துருப்பிடிக்கும். வெள்ளைத் துணியில் அந்தப் பழுப்புப் புள்ளி விழுந்தால் அப்புறம் எளிதில் போகாது. உடனே தைக்கப் போவதாக இருந்தால் மட்டுமே ஊக்கு. இரண்டு மாதம் காத்திருக்கப் போவதென்றால், பெரிய பெரிய தற்காலிகத் தையலாக வெள்ளை நூலில் ஓட்டிவிடுவேன். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் எத்தனை மாதம் கிடந்தாலும் துணிக்குக் கெடுதல் இல்லை. பல குயில்ட்டுகளைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு நூல்தான் நம்பகம்.

இனி மெஷின் வேலை. இணைக்கும் கட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டு குயில்ட்டுகளை நகர்த்த ஒரு வழி உண்டு. அமெரிக்கக் குயில்ட் ஆசிரியை போனி ஹன்ட்டர் இதைப் பரவலாக்கினார். துணியின் விளிம்பில் தையல் தொடங்கும்போது நூல் நுனி ஊசித் துளைக்குள் சிக்கிக் கீழே முடிச்சாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்காக டைலர்கள் ஒரு வேஸ்ட் துணியில் தொடங்கி, அதிலிருந்து நல்ல துணிக்குப் போவார்கள். அந்த வேஸ்ட் துணிக்குப் பதில் இன்னொரு குயில்ட்டின் இரண்டு சின்னச் சதுரங்களைச் செலுத்துங்கள். கடைசியிலும் அதேபோல் இரண்டு சதுரங்களில் முடித்து, அவற்றை ஊசிக்கு அடியிலேயே விட்டுவிட்டு, முன்னால் தைத்ததை மட்டும் வெட்டி எடுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இரண்டு இஞ்ச் சதுரங்கள் எப்போதும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முக்கியமான குயில்ட்டைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஒன்று தனி நேரம் கேட்காமல் வளரும். நூலும் மிச்சம். எனக்குத் தெரிந்த எந்த உத்தியைவிடவும் இது அதிகம் பலன் தந்திருக்கிறது.

மெஷினில் ஒரு குயில்ட்டை நிறுத்தி மாதங்கள் கழித்துத் தொடர்கிறவர்கள் கால் இஞ்ச் தையலை மறக்கக் கூடாது. இரண்டு துணியை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் இஞ்ச் விட்டுத் தைப்பதுதான் கணக்கு. அதில் இஞ்ச்சில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால், இணையும் இரண்டு துணியிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போகும். ஒரு வரிசையில் எட்டுத் தையல் இருந்தால் முழுதாக ஒரு இஞ்ச் குறைந்துவிடும். பழைய வரிசையும் புதிய வரிசையும் பிறகு சேரவே சேராது. எந்த மெஷின், எந்த ஃபுட், ஊசி நடுவிலா தள்ளியா என்பதை ஒரு சீட்டில் எழுதி வைப்பேன். அதோடு, அதே அளவில் தைத்த ஒரு சின்ன மாதிரித் துண்டையும் பைக்குள் குத்தி வைப்பேன். திரும்பத் தொடங்கும்போது புதிதாக ஒரு துண்டு தைத்து, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அந்தச் சீட்டில் வேறு என்ன இருக்க வேண்டும்? நூல் நம்பர். மறுபடி கடைக்குப் போய் "இதே கலர்" என்று கையைக் காட்டினால் அதே கலர் வராது. அடுத்த வேலை என்ன என்பது ஒரே வரியில். "முடிக்க வேண்டும்" என்று எழுதுவதில் பயன் இல்லை. "நாலாவது வரிசையை மூன்றாவதோடு இணை, தையலை இருட்டுக் கலர் பக்கம் மடித்து அயர்ன் செய்" என்று எழுத வேண்டும். அன்றைய வேலையை நிறுத்தும்போதே அடுத்த இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஊசி குத்தி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பத்து நிமிஷம் கிடைத்தாலும் யோசிக்காமல் உட்கார்ந்து தைக்கலாம்.

ஓரப்பட்டியையும் அப்படித்தான் முன்கூட்டியே தயார் செய்து வைக்க வேண்டும். குயில்ட்டின் கடைசி வேலை ஓரம் கட்டுவது என்பதால், அதற்கான துணியைக் கடைசியில் தேடுகிறோம். அதற்குள் அந்தத் துணி வேறு எதற்கோ போயிருக்கும். அறுபதுக்கு எண்பது இஞ்ச் குயில்ட்டுக்கு, சாதாரண அகலத் துணியில் இரண்டரை இஞ்ச் பட்டை ஏழு வெட்டினால் போதும்; அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். நேரான ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் வேண்டியதில்லை, நேர் நூலில் வெட்டலாம். சதுரம் வெட்டும் அன்றே இதையும் வெட்டி, இணைத்து, நீளவாக்கில் மடித்து அயர்ன் செய்து சுருட்டிப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மத்தியானம் வரை கரண்ட்டை நிறுத்தும் நாட்கள் எனக்குக் கைவேலை நாட்கள். அதற்கென்று ஒரு குயில்ட் தனியாக உண்டு: அறுகோணங்கள். கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையில் ஒரு இஞ்ச் பக்கமுள்ள அறுகோணங்கள் வெட்டி, துணியை அதன்மேல் மடித்துத் தைத்து, ஒன்றோடொன்று கையால் இணைப்பது. சுற்றிலும் ஆறு துண்டுகள் சேர்ந்ததும் நடு அட்டையை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். ஒரு பிஸ்கட் டப்பாவில் எல்லாம் அடங்கும். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போதும் ரயிலிலும் தைக்கலாம். இதை முடிக்க நான் அவசரப்படுவதில்லை.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மூன்றடுக்குத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. அப்போது வெட்டுவது, இணைப்பது. வெயில் இருக்கும்போதே புதுத் துணிகளைத் துவைத்துக் காயவைத்துவிடலாம். காட்டன் சுருங்கும், சுங்குடி போன்றவை சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் வெள்ளையோடு சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் துவைத்தால் வாடை அடிக்கும். மார்கழி, தை மாதங்கள்தான் மடியில் போட்டு ஓட்டுத் தையல் போட உகந்தவை. காத்திருக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். மடிப்பை அவ்வப்போது மாற்றி மடியுங்கள்.

இவ்வளவு ஏற்பாடும் தேவைப்படாத மரபுகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியால், முண்ட்கோட் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புடவையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்குவார்கள். பழந்துணித் துண்டை ஓரம் மடித்து வைத்து, அடிவரைக்கும் ஊசி இறங்கும்படி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே அடுத்த துண்டை வைப்பார்கள். சுற்றிச் சுற்றி வந்து நடுவில் போய் முடியும். மூலைகளில் மடித்த சின்னத் துண்டுகளைப் பூவாக வைப்பார்கள். இணைப்பதும் அடுக்குவதும் தைப்பதும் ஒரே வேலை. தாவ வேண்டிய இடமே இல்லை. வங்காளத்துக் காந்தாவிலும் பழைய புடவைகளை முதலில் அடுக்கிவிட்டுத்தான் தைக்கத் தொடங்குவார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு, புதிதாகத் தொடங்குவதில் பாதியை நான் கவந்தி முறையில்தான் செய்கிறேன். நடுவில் பஞ்சு ஷீட் வைப்பதில்லை; பழைய காட்டன் புடவையோ கோடவுன் தெருவில் வாங்கிய மல் துணியோ போதும். ஊசி சிரமமில்லாமல் இறங்கும், நம் ஊர்ச் சூட்டுக்கும் போர்த்திக்கொள்ளலாம். எங்கே நிறுத்தினாலும் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

எல்லாவற்றையும் நினைத்த அளவில் முடித்தே தீர வேண்டும் என்பதில்லை. இரட்டைக் கட்டிலுக்கென்று தொடங்கியதில் கால்வாசிதான் ஆகியிருக்கிறது, அந்தத் துணியும் இனிக் கிடைக்காது என்றால், அதைத் தொட்டில் குழந்தைக்கான போர்வையாக முடிப்பது நல்ல முடிவு. தனியாக மிஞ்சிய பன்னிரண்டு இஞ்ச் சதுரத்தைச் சுற்றிப் பட்டை வைத்தால் குஷன் கவர். மனம் ஒட்டாத டிசைனை, தைக்கக் கற்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம், அவள் முடிப்பாள்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுப் பரணிலும் பைகள் இருக்கும். இந்த வாரமே இறக்குங்கள். கட்டம் பார்த்துப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிக் குத்துங்கள். அவற்றில் ஓரம் மட்டும் பாக்கியாக ஒன்றாவது இருக்கும். அதை முதலில் எடுத்து முடியுங்கள்.