தான இரத்தமும் பிரியான் நோய்களும்

மீன்பிடித் தொழிலுக்குப் பெயர்பெற்றதும், 2025இல் சர்வதேசத் துறைமுகம் முறைப்படி திறக்கப்பெற்றதுமான விழிஞ்ஞம் போன்ற ஊர்களில் இரத்ததான முகாம் நடைபெறுங்கால், தானம் அளிக்க வருவோரிடம் முதலில் பல கேள்விகள் கேட்கப்படுகின்றன. இரத்தத்தைத்தான் பரிசோதிக்கப் போகிறார்களே, கேள்விகள் எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்குப் பிரியான் நோய்கள் தக்க விடை தருகின்றன.

அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையம், இரத்தப் பைகளை உள்நாட்டிலேயே செய்யும் முறையை 1980-களில் வகுத்தளித்தது. பையானது வெளிக் கிருமிகள் புகாமல் காக்கும். இரத்தத்திலேயே உள்ள கிருமியைப் பரிசோதனையே காட்டவேண்டும். இந்தியாவில் தான இரத்தம் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்திற்கும் பரிசோதிக்கப்படுகிறது. இப்பரிசோதனைகள் கிருமியையோ, அதன் புரதத்தையோ, மரபுப்பொருளையோ, அதனை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையோ தேடுகின்றன.

பிரியானுக்கு மரபுப்பொருள் இல்லை. அது உடலில் இயல்பாகவே உள்ள ஒரு புரதத்தின் மடிப்பு மாறிய வடிவமாகும். ஆகவே உடல் அதனை அந்நியப் பொருளென உணர்வதில்லை; எதிர்ப்பொருளும் உண்டாவதில்லை. மடிப்பு மாறிய புரதம் அருகிலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போல் ஆக்குகிறது. மூளை கடற்பஞ்சுபோல் துளைப்படுகிறது. 1982இல் இதற்குப் பிரியான் எனப் பெயரிட்ட ஸ்டான்லி புருசினர் 1997இல் நோபல் பரிசு பெற்றார். இதனால் விளையும் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

1974இல் அமெரிக்காவில், இறந்தவரின் கருவிழி ஒட்டப்பட்ட ஒருவருக்கு இந்நோய் கண்டது. பசுக்களின் நோயினின்று மனிதரை அடைந்த மாறுபட்ட வகை 1996இல் பிரிட்டனில் அறியப்பட்டது. அது இரத்தத்தின் வழியே பரவிய முதல் நிகழ்ச்சி 2004இல் விவரிக்கப்பட்டது. தானம் அளித்தவர் அன்று நலமாகவே இருந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின்னரே நோயுற்றார். பெற்றவருக்கு ஆறரை ஆண்டு கழித்து நோய் தோன்றியது.

தண்டுவட நீருடன் நல்ல புரதத்தைக் கலந்து குலுக்கி, மடிப்பு மாறுவதை ஒளிர்வினால் அறியும் ஆர்.டி.-குவிக் என்னும் முறை, நோயாளிகளிடம் நோயை நிர்ணயிக்கப் பெரிதும் உதவுகிறது. ஆயினும் நோய்க்குறியற்ற கொடையாளிகளின் இரத்தத்தை வழக்கமாகச் சோதிக்கும் முறை எந்நாட்டிலும் நடைமுறையில் இல்லை. இரத்தத்தில் பிரியானின் அளவு மிகச் சொற்பம் என்பது ஒரு காரணம். மற்றொன்று பிழையான முடிவு. ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாக நோயுண்டெனக் காட்டும் சோதனையை ஒரு லட்சம் பேருக்குச் செய்தால், நலமுள்ள நூறு பேர் தீராத நோய் வந்ததென்று வீணே கலங்குவர்.

எனவேதான் பிரிட்டன் 1999இல் தான இரத்தத்தினின்று வெள்ளணுக்களை நீக்கத் தொடங்கிற்று. 1980க்குப் பின் இரத்தம் ஏற்றப்பெற்றவர்களிடம் தானம் பெறுவதை 2004இல் நிறுத்திற்று. கண் வங்கிகளும் காரணம் தெரியாமல் இறந்தவர், இந்நோயால் இறந்தவர் ஆகியோரின் கண்களை ஒட்டுக்கு ஏற்பதில்லை.

பரிசோதனைக்கூடம் காணமுடியாததைக் கொடையாளியின் வாய்மொழியே காட்டுகிறது. முன்பு ஏற்றிய இரத்தம், செய்த அறுவை, வாழ்ந்த நாடுகள், குடும்பத்தில் விரைந்து நினைவிழந்து மாண்டவர் ஆகியவற்றை மறையாமல் கூறுவதும் தானத்தின் ஒரு பகுதியே. இதனை விளக்கும்போது களப்பணியாளரும் ஆசிரியரும் மற்றொன்றையும் தவறாது சொல்லவேண்டும்: இந்நோய் மிக அரிது, இரத்தம் அளிப்பவருக்கு அதனால் இது வருவதில்லை.