மூக்குக் குழாயின் வழியே மருந்து

சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம், குப்பம் பகுதிகளில் பக்கவாதத்தால் விழுங்கும் சக்தியை இழந்தவர்கள், திருப்பதியிலோ வேலூரிலோ சிகிச்சை பெற்று, மூக்குக் குழாயுடனேயே வீடு திரும்புவதுண்டு. ஆங்கில மருத்துவர் ஜான் ரைல் 1921-ஆம் ஆண்டில் விவரித்த குழாயின் வழிவந்தது இது. ஆஸ்பத்திரிகளில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கஞ்சி ஊற்றுவதை வீட்டார் விரைவிற் கற்றுக்கொள்கின்றனர். மாத்திரை கொடுப்பது அவ்வளவு எளிதன்று.

மாத்திரை எங்கே, எவ்வளவு நேரத்திற் கரைய வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. 12 அல்லது 24 மணி நேரம் சிறுகச் சிறுக மருந்தை விடுவிக்கும் மாத்திரையைப் பொடித்தால், அவ்வளவும் ஒரேயடியாக உடலிற் சேரும். இவ்வகை நிபெடிபின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகத் தாழக்கூடும். அமிலத்திற் கரையாதபடி பூச்சிடப்பட்ட மாத்திரையைப் பொடித்தாலோ, பூச்சு பயனற்றுப் போவதுடன் அதன் துணுக்குகள் குழாயையும் அடைக்கும். ஆதலால் ஒவ்வொரு மாத்திரையைப் பற்றியும் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்ட பின்னரே கல்வத்தைத் தொடவேண்டும். திரவ மருந்து கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்பது நன்று.

கஞ்சியோடு மருந்தைக் கலப்பது கூடவே கூடாது. இப்பகுதியின் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. உடலுக்கு நன்மையான இச்சத்தே ஸிப்ரோஃப்ளாக்ஸாஸினைப் பற்றிக்கொண்டு, அம்மருந்து இரத்தத்திற் சேராமற் செய்யும். வலிப்புக்குரிய ஃபெனிடாயினும் குழாய் உணவுடன் சேர்ந்தால் குறைவாகவே உட்கிரகிக்கப்படும். நின்றிருந்த வலிப்பு மீண்டும் வரலாம். உணவுக்கும் இத்தகைய மருந்துக்கும் விட வேண்டிய இடைவெளியை மருத்துவரே குறித்துத் தரவேண்டும்.

மருந்து கொடுக்குமுன் நோயாளியின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, மூக்கருகே குழாயில் இட்ட குறி இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறி விலகியிருந்தாலோ, இருமலோ மூச்சுத் திணறலோ காணப்பட்டாலோ, ஒரு துளியும் ஊற்றலாகாது. குழாயின் நுனி மூச்சுப் பாதையில் இருக்கலாம். ஐயமில்லையெனில், 15 முதல் 30 மில்லிலிட்டர் நீரால் குழாயைக் கழுவி, மருந்துகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே நீரிற் கரைத்துச் செலுத்தி, இடையிலும் முடிவிலும் நீர் விடவேண்டும். இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்நீரும் நாளின் கணக்கிற் சேரும்.

குழாய் அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீரைச் சிரிஞ்சினால் மெல்லச் செலுத்தியும் இழுத்தும் பார்க்கலாம். கம்பியை நுழைப்பது பேராபத்து. அடைப்பு நீங்காவிடில் ஆஸ்பத்திரிக்கே செல்லவேண்டும்; எந்த வேளை மருந்து தவறியது என்பதையும் அங்கே தெரிவித்தல் அவசியம்.