ஹெரால்டு காரும் அதைப் பேணும் முறையும்
(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



நம் ஆண்டு மலரில் வழக்கமாக ராக்கெட் பற்றியும் ரோபோ பற்றியும் கட்டுரைகள் வரும். நான் எழுதப்போவது ஐம்பது வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு காரைப் பற்றி. சிரிக்காதீர்கள். நாலு செமஸ்டர் வகுப்பில் படித்ததை ஒரே வண்டியில் கையால் தொட்டுப் பார்க்க முடியும் என்றால் அது இந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்தான் என்றால் மிகையாகாது. அதோடு, இந்தக் காரில் நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வடகரையிலிருந்து பண்பொழி போகும் ரோட்டில் ஒரு ஒர்க்ஷாப் இருக்கிறது. தகரக் கொட்டகைதான். பாலிடெக்னிக் சேர்ந்ததிலிருந்து லீவு நாட்களில் அங்கே வேலைக்குப் போகிறேன். மெக்கானிக் அண்ணாச்சி எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த டேப்பெட் லூஸ் என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வயல் வேலை, அம்மா பீடி சுற்றுகிறார். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் என் கையில் இருக்கும் இங்கிலீஷ் புத்தகத்துக்குக் கொட்டகையில் கொஞ்சம் மரியாதையும் உண்டு, கொஞ்சம் கேலியும் உண்டு.

அங்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும் வண்டிதான் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியரின் ஹெரால்டு. நாங்கள் அவரைச் சார்வாள் என்போம். அவருடைய அப்பா 1960-களில் வாங்கியது. ரெண்டு கதவு, வெளிர் நீலம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனி 1959-ல் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது. உருவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் எல்லாம் பாடியும் சேசிஸும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. இவர்களுக்குப் பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. ஆகவே தனிச் சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். வேறு வழியில்லாமல் செய்ததுதான், ஆனால் அதுவே பெரிய வசதியாகிவிட்டது. அதே சேசிஸைக் குறுக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். ஹெரால்டின் வீல்பேஸ் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83. எடை 700 கிலோவுக்குச் சற்று மேல். 1980 வரை அந்த மாடல் ஓடியது. ஸ்பிட்ஃபயர் நம்ம ஊரில் கண்ணில் படுவது அபூர்வம். ஆனால் அதன் முன் சஸ்பென்ஷனும் ஸ்டீரிங்கும் பின் ஆக்சிலும் ஹெரால்டில் உள்ள அதே அமைப்புதான். ஹெரால்டு வைத்திருப்பவர் பாதி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார் என்றே சொல்லலாம்.

இந்தியாவில் இதைச் செய்தது 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம். ஆம், தோழர்களே, இது நம் தமிழ்நாட்டுக் கார்! 1961-ல் ஹெரால்டு வந்தது. பிற்பாடு இங்கே மட்டும் நாலு கதவு வைத்தும் செய்தார்கள். இங்கிலாந்து ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான். 1972-ல் கெசல் என்று பெயர் மாறி 1977 வரை வந்தது. அதன் பின் 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அது எடுபடவில்லை. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடியிருக்கின்றன.

இனி இன்ஜின். போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ., நாலு சிலிண்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 948 சி.சி. வரும். வகுப்பில் போட்ட அதே ஃபார்முலாதான். பவர் 35 குதிரைத் திறனுக்கும் குறைவு. இப்போதைய சின்னக் கார்கூட இதைவிட அதிகம் தரும். ஆனால் வண்டி எடை 800 கிலோ சுமார்தான். எடை குறைந்தால் கொஞ்சம் பவரே போதும், பிரேக்கும் டயரும் கொஞ்சமாகத் தேயும். இலகு ரகக் காரின் ரகசியமே இதுதான். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுசும் முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு காபி குடித்தபடியே பிளக் கழற்றலாம். இப்போது வரும் கார்களில் பேட்டரியைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆகிறது!

இந்த இன்ஜினில் கவனிக்க வேண்டியது கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர். பிறை வடிவத்தில் ரெண்டு பாதி. பின் மெயின் பேரிங் பக்கம் உட்கார்ந்து, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் இதன் மேல்தான் பாரம் விழும். தேய்ந்து கீழே சம்ப்பில் விழுந்துவிட்டால் பிளாக்கே கெட்டுவிடும். சோதிப்பது சுலபம். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால் உடனே சம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான். ரயில்வே கேட்டில் கிளட்சை மிதித்துக்கொண்டே காத்திருக்கும் பழக்கம் யாருக்கும் வேண்டாம்.

பெட்ரோல் விஷயமும் ஒன்று. 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இந்த இன்ஜினின் எக்சாஸ்ட் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி. ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால் அப்போதே கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. 2025 முதல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸை அது ஊறவைத்துப் பொத்தலாக்கும். பெட்ரோல் ஹோஸ்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிட வேண்டும். கார் பற்றி எரிந்த பின் யோசிப்பதில் பயனில்லை.

பின் சக்கரங்களுக்கு வருவோம். டிஃபரன்ஷியல் சேசிஸில் கட்டியிருக்கும். அதன் தலைமேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். ரெண்டு பக்கமும் ஆக்சில் பறவை இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். ஸ்விங் ஆக்சில் என்பது இதுதான். நேர் ரோட்டில் சொகுசு. வளைவில் வேகமாகப் போய், பயந்து திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் எழும்பி வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும், பிடி போய்விடும். புளியரை எஸ் வளைவில் இது விளையாட்டு இல்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி போக வேண்டும். ஸ்பிட்ஃபயரில் 1970-ல் ஸ்பிரிங் கட்டும் முறையை மாற்றி இதைச் சரிசெய்தார்கள். நம் கெசலில் ஸ்விங் ஆக்சிலையே தூக்கிவிட்டு சாதாரண ஆக்சில் போட்டுவிட்டார்கள். இன்னொன்று, ஜாக்கி போட்டு இறக்கியதும் பின் சக்கரங்கள் கால் வளைந்த மாதிரி நிற்கும். புதிதாகப் பார்ப்பவன் உடைந்துவிட்டது என்று நினைப்பான். நானும் நினைத்தேன். நாலடி உருட்டினால் சரியாகிவிடும்.

நம்ம பக்கத்துச் சாரல் இந்தக் காருக்குப் பெரிய எதிரி. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்துக்கு அது வருமானம், சேசிஸுக்கு அது துரு. பாடி துண்டு துண்டாகப் போல்ட் போட்டதால் இடுக்குகளில் ஈரம் நிற்கும். துருப் பிடித்தால் எர்த் கிடைக்காது, லைட் மங்கும். லைட் மங்கினால் டைனமோவைத் திட்டாமல் முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள். பாடி வழியாக வரும் எர்த்தை நம்பாமல் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்துவிட்டால் தொல்லை விட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் துண்டுக்கு வெர்ட்டிகல் லிங்க் என்று பெயர். அதன் கீழ் முனையில் மரை இருக்கும். அந்த மரை, வெண்கலத்தில் செய்த ட்ரன்னியன் என்ற துண்டுக்குள் திருகியிருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது போல்ட் நட்டுக்குள் சுற்றுவது போல இரும்பு மரை வெண்கலத்துக்குள் சுற்றும். ஒரு பக்க முன்பாரம் முழுசும் இந்த இணைப்பில்தான். இதற்குள் போட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, கொஞ்ச நாளில் காய்ந்து கட்டியாகும். மேலிருந்து தண்ணீர் இறங்கும், இரும்பு மரை துருப் பிடிக்கும், ஒருநாள் முறியும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. போன வருஷம் ஏப்ரலில் அண்ணாச்சி "முன்பக்கம் கிரீஸ் அடில" என்றார். இடது ட்ரன்னியனில் இருந்த பிளக்கைக் கழற்றினேன். உள்ளேயிருந்து காப்பித்தூள் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. பார்த்தேன். இது சரியில்லையே என்று தோன்றியது. சொன்னால் "படிச்சவன் வந்துட்டான்" என்பார்களோ என்று நினைத்துச் சொல்லவில்லை. நிப்பிளைப் போட்டு, கன்னை எடுத்து, கிரீஸ் நிரம்பி வழியும் வரை அடித்துத் துடைத்துவிட்டேன்.

ஆகஸ்டு மாதம், சாரல் ஓய்ந்த ஒரு சனிக்கிழமை. மறுநாள் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு புனலூர் போவதாகச் சார்வாள் காற்றுப் பார்க்க வந்தார். கொட்டகை வாசலில் திருப்பி நிறுத்த ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தார். டக்கென்று ஒரு சத்தம். இடது சக்கரம் மட்கார்டுக்குள் படுத்துவிட்டது. நடந்து போகிற வேகம்கூட இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சார்வாள் இறங்கி, சக்கரத்தைப் பார்த்துவிட்டு, புளியரைப் பக்கம் மலையைப் பார்த்தார். எனக்குக் கை நடுங்கியது.

முறிந்த துண்டை அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிந்த முகத்தில் முக்கால்வாசி கறுப்பு, ஓரத்தில் கொஞ்சம் மட்டும் பளபளப்பு. மெட்டீரியல்ஸ் பாடத்தில் படம் போட்டுப் படித்ததுதான். கறுப்புப் பகுதி எப்போதோ விரிந்து துருவேறியது, பளபளப்பு இன்றைக்கு முறிந்தது. "இது ரொம்ப வருஷத்துச் சங்கதிடே, நீ அடிச்ச கிரீஸ் இல்ல" என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் ஏப்ரலில் வந்த தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ரொம்ப நேரம் பேசவே இல்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் பழைய கையேடு இருந்தது. அன்று ராத்திரி டிக்ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். ஆயில் என்று தெளிவாகவே போட்டிருந்தது. மறுநாள் அண்ணாச்சியிடம் காட்டினேன். "அது வெள்ளக்காரன் ஊருக்கு எழுதுனது, நம்ம ரோட்டுக்கு கிரீஸ்தாம்ல நிக்கும்" என்றார். பிறகு அவரே வலது பக்கத்தையும் கழற்றினார். உள்ளே மண்கட்டி மாதிரி கிரீஸ், அடி மரையெல்லாம் குழி குழியாகத் துரு. பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்தை இன்னொருக்க வாசி" என்றார்.

இங்கிலாந்தில் இந்தப் பாகங்களை இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சார்வாள் அங்கே இருக்கும் உறவினர் மூலம் ரெண்டு பக்கத்துக்கும் வரவழைத்தார். விலை என் செமஸ்டர் ஃபீஸைவிட அதிகம். வாங்குபவர்கள் கவனிக்க: ஒரு பக்கம் வலம்புரி மரை, மறுபக்கம் இடம்புரி. மாறிப்போனால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். மாட்டும்போது மரையைக் கடைசிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீரிங் முழுசாக ஒடியாது, வலுவாக ஒடித்தால் புது லிங்க்கும் போய்விடும். ஆயில் ஏற்றும்போது சக்கரம் தரையைத் தொடாமல் ஜாக்கி போட்டு, கன்னில் 90 நம்பர் ஊற்றி, மேலே மரை விளிம்பில் ஆயில் கசியும் வரை அடிக்க வேண்டும். நடுநடுவே ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். ஆயில் ஒழுகும்தான், அதனால் அடிக்கடி போட வேண்டும். சாரலுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று வைத்திருக்கிறோம்.

சரிபண்ண ஆன செலவில் என் கூலியைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். சார்வாள் கேட்கவில்லை. கையேட்டில் உள்ளதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி கொட்டகையில் ஒட்டச் சொன்னார். காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி ஒட்டினேன். முதல் வரி: "ட்ரன்னியனுக்கு ஆயில் மட்டும்." ரெண்டாம் வரியை அண்ணாச்சி சொல்லச் சொல்ல எழுதினேன்: "பிளக்கக் கழட்டும்போது தண்ணி வந்தா உடனே சொல்லணும்."

அக்டோபரில் சார்வாள் பேத்திகளோடு புனலூர் போய்த் திரும்பினார். முன்பக்கம் நன்றாக இருக்கிறது. பின்பக்கம் இடது யூனிவர்சல் ஜாயின்ட் மட்டும் கியர் மாற்றும்போது லேசாகத் தட்டுகிறது. அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். பரீட்சை முடிந்ததும் கழற்றிப் பார்ப்போம்.