சாக்கா, மூட்டையா, சிப்பமா?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்துக்குச் சின்ன வெங்காயம் வாங்கப் போகிறவர், விலை பேசுவதற்கு முன் மூன்று சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. சாக்கு என்பது வெறும் பை. கோணி என்றாலும் அதுதான். சரக்கை நிரப்பி வாயைத் தைத்துவிட்டால் அது மூட்டை. விற்பனைக்கென்று குறித்த எடையில் கட்டி வைத்தது சிப்பம். மூட்டைக்கும் சிப்பத்துக்கும் எல்லா ஊரிலும் ஒரே எடை கிடையாது. சரக்குக்குச் சரக்கு, சந்தைக்குச் சந்தை மாறும். அதனால் “மூட்டை என்ன விலை?” என்பதோடு நிறுத்தாமல் “எத்தனை கிலோ மூட்டை?” என்றும் கேளுங்கள். முதல்முறை வாங்குகிறவர் கிலோக் கணக்கில் பேசுவதே பத்திரம்.

விளைந்த வெங்காயத்தை விவசாயி உடனே சாக்கில் அடைப்பதில்லை. நல்ல விலை வரும்வரை பட்டறையில் போட்டு வைப்பார். வெளியூர்க்காரருக்குப் பட்டறை என்றால் இரும்பு அடிக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது வெங்காயம் காக்கும் இடம். தரையின் ஈரம் ஏறாதபடி அடிப்பாகத்தை உயர்த்தி, பக்கங்களில் படல் கட்டி, மேலே கூரை வேய்ந்திருப்பார்கள். காற்று நாலு பக்கமும் புகுந்து வெளியேற வேண்டும். வெங்காயத்துக்குப் புழுக்கம்தான் எதிரி. வீட்டுக்கும் இதே கணக்குதான். கூடையோ முறமோ போதும். கூடை குழிந்து ஆழமானது, நிறையக் கொள்ளும். முறம் தட்டையானது, ஈர வெங்காயத்தைப் பரப்பி உலர்த்த ஏற்றது. மூடி போட்ட எதுவும் வேண்டாம். பாலித்தீன் பை அறவே வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் இருக்கிறது. கடைக்குப் போகும்போது மஞ்சப்பை எடுத்துப் போங்கள்.

சமையலறைப் பாத்திரங்களுக்கு வாயைப் பார்த்துப் பெயர் சொல்லலாம். அகன்ற வாயும் குறைந்த ஆழமும் இருந்தால் சட்டி: கிண்ட, வதக்க, குழம்பு வைக்க. வயிறு பெருத்து வாய் ஒடுங்கினால் பானை: சோறு வடிக்க, தண்ணீர் ஊற்றி வைக்க. மண் என்றாலும் அலுமினியம் என்றாலும் இந்த வேறுபாடு மாறுவதில்லை. குடத்துக்குக் கழுத்து குறுகல். இடுப்பில் வைத்து நடக்கையில் தண்ணீர் அலம்பாது. தவலை வாய் அகன்றது, ஓரிடத்தில் இருப்பது, மொண்டு எடுக்க வசதியானது. அண்டா கல்யாண வீட்டு அளவு.

உண்மையான குழப்பம் மூடி போட்ட பாத்திரங்களில்தான் வருகிறது. மூடியோடு தூக்கிப் போகப் பிடியும் இருந்தால் தூக்கு. காட்டில் களையெடுப்பவர்களுக்குக் கஞ்சி போவது அதில்தான். பிடியில்லாமல், முறுக்கும் அதிரசமும் நமத்துப் போகாமல் வைக்கும் உருண்டைப் பாத்திரம் சம்படம். மற்றதெல்லாம் டப்பா. பிளாஸ்டிக்கோ தகரமோ, உப்போ பென்சிலோ, எதுவானாலும் டப்பா. வேறு சொல் இருக்கும் இடத்திலும் டப்பா என்றே சொல்லும் வழக்கம் பெருகிவிட்டது. சம்படம் என்ற சொல்லை இழக்க எனக்கு மனமில்லை. பாத்திரக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

நாம் டப்பா என்று முடித்துவிடுவதை இத்தாலியர் பலவாகப் பிரிக்கிறார்கள். குளிர்பானத் தகரம் ‘லத்தீனா’, மீன் அடைத்த சிறு தகரம் ‘ஸ்காத்தொலெத்தா’, மூடி போட்ட ஜாடி, கண்ணாடியானாலும் தகரமானாலும், ‘பராத்தொலோ’, ஜாம் வரும் சிறு கண்ணாடிக் குப்பி ‘வசெத்தோ’, அட்டைப்பெட்டி ‘ஸ்காத்தொலா’. சிசிலித் தீவின் பலேர்மோவில் ஈழத் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். அவர்களின் யாழ்ப்பாண வழக்கில் பால்பேணி என்றால் பால் அடைத்த தகரம், மூக்குப்பேணி என்றால் மூக்கு வைத்த குவளை. பலேர்மோவில் புதிதாகக் கடைக்குப் போகிறவர் எதைக் கேட்பது என்று திணறினால் பராத்தொலோவில் தொடங்கலாம், அது கண்ணாடிக்கும் தகரத்துக்கும் பொதுவான சொல். ஆனால் குடிக்கிற தகரத்துக்கு அது ஒத்துவராது. அதற்கு லத்தீனா என்றே கேட்க வேண்டும்.