சித்திக்கு நான் 'நிப்ளிங்' ஆனது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி, என்னையும் தம்பியையும் 'நிப்ளிங்ஸ்' என்று குறிப்பிடுகிறார். வீட்டில் உள்ள பழைய அகராதியில் அந்தச் சொல்லே இல்லை. அதன் பொருள் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?
– கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

பதில்: உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, எல்லாருக்கும் பொதுவான சொல் அது. 'சிப்ளிங்'கின் முதலெழுத்தை எடுத்துவிட்டு, நெஃப்யூ, நீஸ் இரண்டுக்கும் பொதுவான நகரத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள். தைத்தவர் சாமுவேல் மார்ட்டின் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஆண்டு 1951 என்பார்கள். கொரிய, ஜப்பானிய மொழி ஆய்வில் பெரிய பெயர் அவருக்கு. ஆனால் இந்தச் சொல்லை வெகுகாலம் யாரும் சீந்தவில்லை. ஆண், பெண் என்று பிரிக்காத சொற்களைத் தேடும் காலம் வந்த பிறகே அதற்கு மவுசு. 'சிப்ளிங்'கும் அப்படித்தான். 'சிப்' என்றால் பழைய ஆங்கிலத்தில் உறவு. சிப்ளிங் என்பது ஒருகாலத்தில் எந்தச் சொந்தக்காரரையும் குறித்தது. உடன்பிறப்பு என்று சுருங்கியது 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான். (வம்புப் பேச்சைக் குறிக்கும் 'காசிப்'பிலும் இதே 'சிப்' உண்டு. அது முதலில் ஞானப்பெற்றோரைக் குறித்தது. சொந்தக்காரர்கள் கூடினால் வேறென்ன நடக்கும்?)

தமிழில் இதற்கு நேர்ச்சொல் கிடையாது. நம் முறையில் முதலில் பார்ப்பது எந்த வழிப் பிள்ளை என்பதைத்தான். சித்திக்கு நீங்கள் மகள் முறை. உங்கள் அத்தைக்கோ மருமகள் முறை. யாருக்கு யாரைக் கட்டலாம், கட்டக்கூடாது என்பதெல்லாம் இந்தப் பிரிவில்தான் அடங்கியிருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் மார்கன் 1871-இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வில், தமிழர் முறையும் செனகா என்ற அமெரிக்கப் பழங்குடியின் முறையும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார்.

உங்கள் ஊரோடு பிணைந்த அருணகிரிநாதரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்புகழில் முருகனைத் திருமாலின் மருகன் என்று சலிக்காமல் விளிக்கிறார். பார்வதி திருமாலின் தங்கை என்பதால் முருகன் தங்கை மகன். வள்ளியும் தெய்வானையும் முற்பிறவியில் திருமாலின் மகள்கள் என்பது புராணம். ஆகவே மாப்பிள்ளையும் அவரே. இரண்டு உறவுக்கும் அந்த ஒரு சொல் போதும். அதை நிப்ளிங் என்று மொழிபெயர்த்தால் மாமன் வீட்டுச் சீரெல்லாம் போச்சு!

சித்தி ஆங்கிலத்தில் அப்படியே அழைக்கட்டும், தவறில்லை. தமிழில் 'அக்கா பிள்ளைகள்' என்றால் போதும். பக்கத்தில் யாருமில்லை என்றால் 'என் பிள்ளைகள்' என்றே சொல்லலாம், முறைப்படி அதுவும் சரி.